கடைமடை வரை: பிரசெல்ஸின் புதைந்த ஆற்றைத் தேடி

முதல் நாள்: பிரசெல்ஸ்

பாசனத் துறையில் முப்பது ஆண்டுகள் மதகும், ஏரியின் மிகுநீர் வழிந்தோடும் கலிங்குமாகக் கழித்தவன் நான். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்த் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்றுதான் முதலில் கேட்பேன். பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் குடியிருக்கும் என் தம்பி மகளிடமும் தொலைபேசியில் அதையே கேட்டேன். "பெரியப்பா, இங்கே ஒரு கால்வாய் இருக்கிறது. ஆறு எதையும் நான் பார்த்ததில்லை" என்றாள். ஒன்பது ஆண்டுகளாக அந்த ஊரில் இருக்கிறாள். அந்தப் பதிலுக்காகவே பயணச்சீட்டு எடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

இந்த ஊருக்கு ஆறு உண்டு. ஊரே அந்த ஆற்றால் பிறந்தது. பழைய பிளெமிஷ் பேச்சில், அதாவது இந்தப் பகுதி டச்சில், 'ப்ரூக்' என்றால் சதுப்பு நிலம். பிரசெல்ஸ் என்ற பெயருக்குச் சதுப்பு நிலத்துக் குடியிருப்பு என்று பொருள். அந்தச் சதுப்பை உண்டாக்கிய ஆற்றைப் பிரெஞ்சுக்காரர் சென் என்பார்கள், டச்சு பேசுவோர் ஸென்ன என்பார்கள்.

ரயில் நிலையத்திலிருந்து நேராக அன்ஸ்பாக் பெருஞ்சாலைக்கு நடந்தோம். வாகனங்களை நிறுத்தி, நடப்பவர்களுக்கென்று விட்டிருக்கிறார்கள். இரு புறமும் பாரிஸ் பாணியில் உயர்ந்த கட்டடங்கள். ஒரு குழந்தை பலூனைத் துரத்திக்கொண்டு ஓடியது. சாலை ஏதோ ஒன்றின் மேல் போர்த்தியதுபோல, மேடு பள்ளம் இல்லாமல் போகிறது. இதன் அடியில்தான் ஆறு ஓடியது. இப்போது அந்த இடத்தில் தரைக்கடியில் டிராம் ஓடுகிறது. பங்குச் சந்தைக் கட்டடத்தருகே நின்றபோது காலுக்கடியில் மெல்லிய அதிர்வு. பூட்ஸைக் கழற்றி வெறுங்காலால் நிற்க வேண்டும் போலிருந்தது. குளிர் விடவில்லை.

இரண்டாம் நாள்: சான் ஜெரி

காலையிலேயே சான் ஜெரி சதுக்கத்துக்கு வந்துவிட்டேன். டச்சில் சின்ட் கோரிக்ஸ். ஆற்றின் கிளைகளுக்கு நடுவே இருந்த தீவுகளில் பெரியது இது. ஊரின் தொடக்கம் இங்கேதான் என்பது மரபு. இன்று சுற்றிலும் காபிக் கடைகள். 'தங்கச் சிங்கம்' என்ற பழைய வீட்டின் வளைவுக்குள் நுழைந்தால் உள்முற்றத்தில் ஒரு துண்டு நீர் தெரிகிறது. பழைய கிளை ஓடிய இடம் என்ற நினைவுக்காகத் திறந்துவைத்திருக்கிறார்கள். ஓட்டமில்லாத தண்ணீர். ஆனாலும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அரை மணி நேரம் நின்றேன்.

ஏன் மூடினார்கள்? வெள்ளமும் காலராவும் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரி பொய்யில்லை, ஆனால் போதாது. சென் சிறிய ஆறு, மொத்தமே ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். ஊருக்குள் பல கிளைகளாகப் பிரிந்து ஓடியது. ஒவ்வொரு கிளையிலும் மாவு அரைக்கும் ஆலைகளுக்காகத் தடுப்பணைகள். கரையில் சாயப் பட்டறை, தோல் பதனிடுவோர், மதுவடிப்போர். வீடுகள் ஆற்றின் மேலேயே தூண் ஊன்றி நின்றன. 1832இல் ஷார்லெரூவா கால்வாய் வந்தபோது ஆற்றின் நீரில் ஒரு பங்கு அங்கே போனது. கோடையில் சாக்கடையாகத் தேங்குவதும், பெருமழையில் தடுப்பணைகளில் முட்டி வீடுகளுக்குள் ஏறுவதும் வாடிக்கையாயிற்று. 1850இல் பெருவெள்ளம். 1866இல் வந்த காலராவில் பிரசெல்ஸிலும் சுற்றுப்பகுதிகளிலும் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

இந்தத் தண்ணீர் யார் வீட்டுக்குள் ஏறியது என்பதுதான் நான் கேட்க வந்த கேள்வி. பிரசெல்ஸ் மேட்டூரும் பள்ளத்தூருமாக அமைந்த நகரம். மேட்டில் அரண்மனை, நாடாளுமன்றம், செல்வர் மாளிகைகள். அங்கே புழங்கிய மொழி பிரெஞ்சு. பள்ளத்தில், ஆற்றங்கரைச் சந்துகளில், கூலிக்காரரும் கைவினைஞரும் பேசியது பிளெமிஷ். 1846 கணக்கெடுப்பின்படி நகரில் பெரும்பான்மையோர் பேசிய மொழி அதுதான். ஆனால் நகர மன்றம் பேசியது பிரெஞ்சில். நிர்வாகம் எழுதியது பிரெஞ்சில். வாக்குரிமையோ குறிப்பிட்ட அளவு வரி கட்டிய ஆண்களுக்கு மட்டும். வெள்ளம் ஏறிய வீட்டுக்காரனுக்கு வாக்கும் இல்லை, மன்றத்தில் அவன் மொழிக்கு இடமும் இல்லை.

ஜூல் அன்ஸ்பாக் 1863இல் மேயரானார். வயது 34தான். லிபரல் கட்சிக்காரர், வழக்கறிஞர், பாரிஸில் நடந்த இடிப்பையும் கட்டுமானத்தையும் கண்டு மனம் பறிகொடுத்தவர். ஆற்றை என்ன செய்வது என்று பல பத்துத் திட்டங்கள் நகராட்சியின் மேசைக்கு வந்திருந்தன. ஆற்றை அகலப்படுத்தித் திறந்தே வைப்போம் என்றவர்கள் உண்டு. ஊருக்கு வெளியே திருப்பிவிடுவோம் என்றவர்களும் உண்டு. அன்ஸ்பாக் கைதூக்கிவிட்டது கட்டடக் கலைஞர் லியோன் சுயிஸின் திட்டத்தை: கிளைகளையெல்லாம் ஒழித்துவிட்டு, முதன்மை ஓட்டத்தை நேராக்கி, இரண்டு இணைச் சுரங்கங்களுக்குள் அடைத்து, மேலே பெருஞ்சாலை போடுவது. 1865 அக்டோபரில் மன்றம் ஒப்புதல் தந்தது. 1867 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. 1871 நவம்பரில் முடிந்தது. 2.2 கிலோமீட்டர் நீளம், சுரங்கம் ஒவ்வொன்றும் 6 மீட்டர் அகலம், இரு பக்கமும் பெருங்கழிவுக் குழாய்.

பொறியாளனாகச் சொல்கிறேன், வேலை நேர்த்தியானது. அந்தக் காலத்துக்கு அது சாதனைதான். ஆனால் இழப்பையும் சொல்ல வேண்டும். 1,000க்கும் மேற்பட்ட வீடுகள் இடிக்கப்பட்டன. சாலைக்குத் தேவையான நிலத்தோடு நிற்காமல் அதை ஒட்டிய பகுதி முழுவதையும் எடுத்து, பிறகு மனையாக விற்றுக்கொள்ள நகராட்சிக்குச் சட்டம் இடம் கொடுத்தது. வெளியேற்றப்பட்ட குடியிருப்போருக்கு மாற்று வீடு கட்டப்படவில்லை. அவர்கள் ஏற்கெனவே நெரிசலாயிருந்த மரோல் பகுதிக்கும், மொலன்பேக் போன்ற பக்கத்து ஊர்களுக்கும் போனார்கள். வேலையை எடுத்த ஆங்கிலேயக் கம்பெனி பண மோசடி விவகாரத்தில் சிக்க, நகரமே பணியைக் கையிலெடுக்க வேண்டி வந்தது. பெருஞ்சாலையில் வரிசையாக மாளிகை கட்டிய பாரிஸ்காரர் மொஸ்னியே 1878இல் திவாலானார். ஏனென்றால் யாருக்காகக் கட்டினார்களோ அந்தச் செல்வர்கள் அடுக்குமாடியில் குடியேற விரும்பவில்லை. தோட்டத்தோடு வீடு வேண்டுமென்று புறநகருக்குப் போனார்கள்.

மேலும் ஒன்று. ஆற்றின் வெள்ளம் ஊர் எல்லையில் தொடங்குவதில்லை, மேலேயிருந்து வருகிறது. ஆண்டர்லெக்ட், மொலன்பேக் எல்லாம் தனித்தனி நகராட்சிகள், தனித்தனி மேயர்கள். அவற்றையெல்லாம் பிரசெல்ஸோடு இணைக்கும் முயற்சி 1850களில் நாடாளுமன்றத்தில் தோற்றது. 1864இல் கிடைத்த இணைப்பு லூயிஸ் அவென்யூவும் அதன் முனையிலுள்ள காம்ப்ர் வனமும். குதிரை வண்டியில் உலாவப் போகும் பாதைக்காக எல்லையை நீட்ட முடிந்தது, ஆறு வரும் பாதைக்காக முடியவில்லை. இந்த இடத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள்: பூனை வீடும் சாக்கடையும்

நகர மன்றக் கட்டடத்தில் மேயர் அறையின் முன்கூடத்தில் வான் மூர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. மூடப்பட்ட சென் ஆற்றின் காட்சிகள். வரையச் சொன்னவர் அன்ஸ்பாக். புதைத்தவரே படம் வரைந்து வைத்துக்கொண்டார். அவரை நான் பழிக்கவில்லை. எதை இழக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. படத்தில் துணி காய்கிறது, படிக்கட்டு நீரில் இறங்குகிறது, மரப் பலகணிகள் சாய்ந்து நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது. நாற்றம் மட்டும் ஓவியத்தில் இல்லை.

புதிய சாலைகளில் ஆட்கள் வீடு கட்டவேண்டும் என்பதற்காக நகராட்சி அழகிய முகப்புகளுக்குப் போட்டி வைத்தது. முதல் பரிசு ஆன்றி பேயார்ட் கட்டிய வீட்டுக்கு. இன்றைய அடோல்ஃப் மாக்ஸ் பெருஞ்சாலையின் தொடக்கத்தில் நிற்கிறது. அண்ணாந்து பார்த்தேன். முகப்பில் ஆண்பூனையும் பெண்பூனையும். அதன் பெயர் பிரெஞ்சில் இல்லை, பழைய பிளெமிஷில்: 'இங்கேதான் கடுவனும் பெட்டையும்' என்பது போன்ற ஒரு தொடர். பிளெமிஷ் பேசியவர்களை அப்புறப்படுத்திப் போட்ட சாலையில், முதல் பரிசு பெற்ற வீட்டின் நெற்றியில் அவர்கள் மொழி. தெருவில் போவோர் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மூன்று முறை தெருவைக் கடந்து, மூன்று கோணத்தில் பார்த்தேன்.

1881இல் மேயரான புல்ஸ் இந்த ஊரின் இரண்டு பெயர்களையும் சுமந்தவர்: பிரெஞ்சில் ஷார்ல், டச்சில் கரேல். பிள்ளைகள் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று நின்றார். பழைய தெருக்களை இடித்து நேராக்கும் வேகத்தை எதிர்த்து எழுதினார். இந்த இரண்டு அக்கறைகளும் ஒரே மனிதரிடம் சேர்ந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சந்தில் வாழ்பவரின் பேச்சு காதில் விழுகிறவருக்குத்தான் அந்தச் சந்து வெறும் அழுக்காகத் தெரியாது.

மாலை ஆண்டர்லெக்ட் வாயிலிலுள்ள சாக்கடை அருங்காட்சியகம். சாலையின் இரு புறமும் பழைய சுங்கச் சாவடிக் கட்டடங்கள், கோயில் முகப்பு போலத் தூண்களோடு. நகருக்குள் வரும் பொருள்களுக்கு வசூலித்த அந்தச் சுங்கம் 1860இல் ஒழிந்தது. படியிறங்கினால் செங்கல் வளைவு, ஈரம், இரைச்சல். அங்கேதான் முதன்முதலாக ஆறு ஓடுவதைப் பார்த்தேன். சாம்பல் நிறம், நல்ல வேகம். வேலையிலிருந்த காலத்தில் எத்தனையோ கால்வாய்களைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆற்றின் முன் நின்றபோது தொண்டை அடைத்தது.

இங்கே ஓடுவது அன்ஸ்பாக்கின் சுரங்கம் இல்லை. 1930களில் பல நகராட்சிகள் ஒன்றுசேர்ந்து ஆற்றை நகரின் நடுவிலிருந்து மேற்கு ஓரச் சாலைகளின் அடிக்குத் திருப்பும் வேலையைத் தொடங்கின. போரால் இழுபட்டு 1955இல் முடிந்தது. ஊருக்கு வெளியே திருப்புவோம் என்று 90 ஆண்டுகளுக்கு முன் சொன்னவர்களின் யோசனை ஒருவிதத்தில் நிறைவேறியது, அதுவும் மண்ணுக்கடியில். காலியான பழைய சுரங்கப் பாதை டிராமுக்குப் போய், 1976இல் ஓட்டம் தொடங்கியது.

நான்காம் நாள்: துபீஸ், லெம்பேக், ஹல்லே

இன்று ஆற்றின் மேற்பகுதிக்கு ரயிலில் போனேன். சென் பிறப்பது பிரெஞ்சு பேசும் வலோனியாவில், சுவாஞி ஊரருகே. பிறகு டச்சு பேசும் பிளாண்டர்ஸுக்குள் நுழைகிறது. நடுவே இருமொழிப் பிரசெல்ஸ். மீண்டும் பிளாண்டர்ஸ். பெல்ஜியத்தின் மொழி எல்லை 1962 சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. நிலத்தில் கோடு எதுவும் தெரியாது. ரயிலில் மட்டும் காதால் கேட்கலாம். பிரசெல்ஸில் ஏறியபோது இரண்டு மொழியிலும் அறிவிப்பு. பிளாண்டர்ஸுக்குள் போனதும் டச்சு மட்டும், நான் இறங்கவேண்டிய ஊர் 'துபேக்கே' ஆகிவிட்டது. லெம்பேக் தாண்டியதும் பிரெஞ்சு மட்டும், அதே ஊர் 'துபீஸ்'. என் எதிரில் இருந்த மூதாட்டி நான் விழித்ததைப் பார்த்து, விரலால் அடுத்த நிறுத்தம் என்று காட்டினார்.

துபீஸில் சென் குறுகலான ஆறு. கரையில் நாணல், வாத்துகள். பாலத்தில் நின்று பார்த்தால் இது யாருக்கும் தீங்கு செய்யும் என்று நம்ப முடியாது. 2010 நவம்பரில் இரண்டு நாள் மழையில் இங்கேயும் லெம்பேக், ஹல்லேயிலும் தெருக்கள் மூழ்கின. மழை ஒன்று, ஆறு ஒன்று, பள்ளத்தாக்கு ஒன்று. ஆனால் நீரளவு பார்ப்பதும் கரையைப் பேணுவதும் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் வேறொரு அரசு. பெல்ஜியம் 1980களில் படிப்படியாகக் கூட்டாட்சியாக மாறியபோது நீர் நிர்வாகம் பிராந்தியங்களுக்குப் போயிற்று. மொழிக்காக நடந்த நெடிய போராட்டத்தின் பலன் அது. அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. தன் மொழியில் நீதிமன்றம் பேசாத நாட்டில் பிளெமிஷ் மக்கள் பல தலைமுறை வாழ்ந்தார்கள். சட்டங்கள் டச்சிலும் செல்லும் என்ற சமநிலை அவர்களுக்கு 1898இல்தான் கிடைத்தது. மொழி உரிமையை நான் எந்த நாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் மொழிக்காக வரைந்த கோட்டை ஆற்றுக்கும் அப்படியே பொருத்தியபோது, மேலே பெய்கிற மழைக்கும் கீழே ஏறுகிற வெள்ளத்துக்கும் வெவ்வேறு முதலாளிகள் வந்துவிட்டார்கள்.

நம் ஊர் வாய்க்கால் பேச்சில் தண்ணீர் முதலில் பாயும் இடத்தைத் தலைமடை, கடைசியில் பாயும் இடத்தைக் கடைமடை என்போம். நம் சண்டை தண்ணீர் வராததற்கு. இங்கே தலைமடைக்காரன் விட்ட தண்ணீர் மொத்தமும் கடைமடைக்கு வந்துவிடுகிறது என்பது வழக்கு.

ஹல்லேயில் இறங்கி ஒரு ரொட்டிக் கடையில் சூடாகக் காபி குடித்தேன். பழக்கத்தில் பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டேன். கடைக்காரப் பெண் முகம் மாறாமல் டச்சில் பதில் சொன்னாள். வெளியே வந்து டச்சு நன்றியை இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்: மழை

காலையிலிருந்து விடாத மழை. எங்கும் போகவில்லை. தம்பி மகளோடு குடை பிடித்துப் பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனேன். டச்சு வழிப் பள்ளி. வீட்டில் தமிழ், விளையாட்டு மைதானத்தில் பிரெஞ்சு, வகுப்பில் டச்சு. வழியில் ஒரு நாய்ச் சிலை. பேத்தி, "அது ஸின்னெக்கே, தாத்தா" என்றாள். ஊர்ப் பேச்சில் ஸின்ன என்றால் இந்த ஸென்ன ஆறு. ஸின்னெக்கே என்றால் ஆற்றோரத்து நாய், அதாவது எந்த இனமென்று சொல்ல முடியாத கலப்பு நாய். வேண்டாத குட்டிகளை ஆற்றில் போட்டுவிடுவார்களாம். வசையாக இருந்த சொல்லை இன்று இரு மொழிக் கலப்பில் பிறந்த பிரசெல்ஸ்காரர்கள் தங்களைக் குறிக்கப் பெருமையோடு சொல்கிறார்கள். 2000த்திலிருந்து இரண்டாண்டுக்கொருமுறை ஸின்னெக்கே ஊர்வலமும் நடக்கிறது. ஆறு கண்ணுக்குத் தெரியாமல் போய் 150 ஆண்டுகளான ஊரில், ஆறு வயதுப் பெண்ணின் வாயில் அதன் பெயர். மழையில் நனைந்த அந்த நாயின் தலையை அவள் தடவிக்கொடுத்தாள்.

ஆறாம் நாள்: வில்வோர்டே, ஸென்னகாட்

வில்வோர்டே பிரசெல்ஸுக்கு அடுத்த ஊர், பிளாண்டர்ஸில். சுரங்கத்தைவிட்டு வெளியே வரும் ஆற்றுக்கு முதல் கடைமடை. சுரங்கம் போட்டதால் நகருக்குள் நாற்றம் நின்றது. ஆனால் கழிவு எங்கே போயிற்று? சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல், சுரங்கத்தின் மறுமுனையில் இந்த ஊருக்கு வந்தது. பிரசெல்ஸின் தெற்குச் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது 2000த்தில். பெரிய வடக்கு நிலையம் 2007இல். அதுவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் அமைந்த நகரத்தின் கழிவுநீர் பெரும்பாலும் அப்படியே ஆற்றில் விழுந்தது. 2004இல் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்காகப் பெல்ஜியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கட்டியபிறகும் 2009 டிசம்பரில் வடக்கு நிலையத்தை நடத்தியவர்கள் பல நாட்கள் அதை நிறுத்திவைக்க, கழிவு மீண்டும் ஆற்றில் இறங்கியது. முறையிட்டது கீழேயிருந்த பிளாண்டர்ஸ் அரசு.

ஆற்றோரம் நாய் கூட்டிவந்த முதியவர் ஒருவர் என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். "சிறுவயதில் இந்தப் பக்கம் விளையாட வந்தால் அம்மா அடிப்பார். இப்போது மீன் வந்திருக்கிறது" என்றார். அவர் காட்டிய இடத்தில் கலங்கல்தான் தெரிந்தது, ஆனால் மூக்கைப் பொத்தத் தேவையிருக்கவில்லை. பிரசெல்ஸில் யார் மேல் கோபம் என்று கேட்டேன். "அவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பிற்பகல் மெக்கலன் வரை ரயில், அங்கிருந்து லூவன் கால்வாய்க் கரையோடு நடை. ஸென்னவின் நீரும் போய்ச் சேரும் ஸ்கெல்ட் ஆற்று வடிநிலத்துக்காக 2002இல் கெண்ட் நகரில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. பிரான்சும் நெதர்லாந்தும் கையெழுத்திட்ட அதே தாளில் வலோனியா, பிளாண்டர்ஸ், பிரசெல்ஸ் மூன்றும் தனித்தனியே கையெழுத்திட்டிருக்கின்றன. ஒரே நாட்டின் மூன்று துண்டுகள், பக்கத்துப் பக்கத்து ஊர்களின் தண்ணீரைப் பேச வெளிநாடுகளைப்போல ஒரே மேசைக்கு வந்திருக்கின்றன. அப்படியாவது பேசுகிறார்கள். அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன்.

ஸென்னகாட் என்றால் ஸென்னவின் வாய். சில வீடுகள், ஒரு பழைய மதகு, கால்வாய், இரண்டு ஆறுகள். இங்கே ஸென்ன டைல ஆற்றில் சேர்கிறது. கடல் தொலைவில் இருந்தும் ஏற்றவற்றம் இங்கு வரை வருகிறது. 1976 ஜனவரியில் ஸ்கெல்ட் ஆறு பொங்கி வந்த பிறகு தீட்டிய சிக்மா திட்டத்தில், கரையை உயர்த்துவதோடு வயல்களையும் வெள்ளத்துக்கு விட்டுக்கொடுக்கிறார்கள். தாழ்த்திய கரை மேல் உயர்ந்த நீர் வழிந்து தேக்கத்துக்குள் இறங்கும், வற்றம் வரும்போது மதகு வழியாக வெளியேறும். கலிங்கு பார்த்த கண்ணுக்கு அது எந்த மொழியிலும் புரியும்.

நான் போனபோது ஏற்றம் தொடங்கிவிட்டிருந்தது. ஸென்னவின் நீர் கடைசி வளைவில் மெல்லத் தயங்கி, நின்று, பின்பக்கமாக, பிரசெல்ஸ் இருக்கும் திசையில் நகர ஆரம்பித்தது. ஒரு மரக்குச்சியைப் போட்டுப் பார்த்தேன். மேல்நோக்கித்தான் போனது. இருட்டும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன்.